சொல்லின்றிச் செல்லும் செய்தி

கிரேக்க வரலாற்றாசிரியராகிய ஹெரோடோட்டஸ் விந்தையான தூது ஒன்றைக் குறித்துள்ளார். பாரசீகப் பேரரசன் தாரியஸ், ஹிஸ்தியேயஸ் என்னும் கிரேக்கத் தலைவனைச் சூசா நகரில் தன் அவையிலேயே நிறுத்தி வைத்திருந்தான். மிலேத்தஸ் நகரிலிருந்த தன் மருகன் அரிஸ்தகோரஸைக் கிளர்ச்சிக்குத் தூண்ட அவன் விழைந்தான், வழியெங்கும் காவல். நம்பிக்கைக்குரிய அடிமையொருவனின் தலையை மழித்து, அதில் செய்தியைப் பச்சை குத்தி, மயிர் வளருமட்டும் காத்திருந்து அனுப்பினான். கி. மு. 499இல் அயோனியக் கிளர்ச்சி மூண்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவை ஈண்டு வேண்டா.

இத்தூதிலே மறைக்கப்பட்டது செய்தியின் பொருளன்று. செய்தி உண்டு என்பதே மறைக்கப்பட்டது. மறைமொழியைக் காணும் காவலன், பொருள் விளங்காவிடினும் ஐயுறுவான். இங்கோ ஐயத்துக்கே இடமில்லை.

கணினிகள் வந்த பின்னரும் இவ்வேறுபாடு நிலைத்தது. பிறர் ஆக்கிய செய்நிரலொன்றை நாம் பயன்படுத்துங்கால், அது நம் இரகசியத்தை வெளியே விடாதவாறு தடுக்க இயலுமா? 1973இல் பட்லர் லாம்ப்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இவ்வினாவை ஆராய்ந்தார். அந்நிரல் ஒரு சொல்லும் எழுத வேண்டுவதில்லை. ஒரு கோப்பைக் குறித்த நேரங்களில் திறந்து வைத்தலும் மூடுதலுமே போதும். நூலகப் பதிவேடு மேசைமேல் உண்டா இல்லையா என எட்டிப் பார்ப்பவன்போல, வெளியிலுள்ள வேறொரு நிரல் அக்கோப்பு வழக்கிலுள்ளதா எனச் சோதிக்கும். உளதாயின் ஒன்று, இலதாயின் பூச்சியம்.

இதனை முற்றாக அடைக்க இயலாதென்பதை அரசும் ஒப்புக்கொண்டது. 'செம்மஞ்சள் நூல்' எனப் பெயர்பெற்ற, ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1985ஆம் ஆண்டு அளவுகோல், வினாடிக்கு 100 பிட்டுக்கு மேற்பட்ட கசிவை மிகையெனவும், 1 பிட்டுக்குக் குறைந்ததைப் பெரும்பாலான இடங்களிற் பொறுக்கத்தக்கதெனவும் வகுத்தது. வினாடிக்கு ஒரு பிட் எனினும் ஒரு நாளில் 86,400 பிட். எழுத்துக்கு 8 பிட் வீதம் 10,800 ஆங்கில எழுத்துக்கள்! போர்த்திட்டமொன்றை அனுப்ப அவ்வளவு வேண்டுமோ? பொறுக்கத்தக்கது என்ற சொல்லை யான் தயக்கத்தோடேயே படிக்கின்றேன்.

1983இல் குஸ்டவஸ் சிமன்ஸ் இதனைச் சிறைக் கதையாக்கினார். கைதிகள் இருவர் கடிதம் எழுதலாம். ஆனாற் சிறைக்காவலர் அனைத்தையும் படிப்பார். அவருடைய ஆய்வுக்கு வித்திட்டது வெறுங் கற்பனையன்று. ஐக்கிய அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்குமிடையே ஏவுகணைகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையைச் சரிபார்க்கும் சிக்கலேயாம். மெய்ப்பிக்கும் குறியீட்டினுள்ளேயே களவுச் செய்தியும் ஒளிந்து செல்லக்கூடும் என அவர் கண்டார்.

வலையமைப்பிலே வாய்ப்புகள் பெருகின. இணையத்திற் செல்லும் ஒவ்வொரு பொதிக்கும் கடித உறைபோன்ற தலைப்பு உண்டு. பொதிகள் பலவற்றின் தலைப்பில் 16 பிட் கொண்ட அடையாள எண் ஒன்று இடம்பெறும். எந்த எண்ணும் அங்கே செல்லும். அவ்வெண்ணிலேயே எழுத்தைப் பொதிந்து அனுப்பலாமென 1997இல் கிறேக் றோலண்ட் செய்து காட்டினார். உள்ளடக்கத்தை மட்டும் நோக்கும் காவலுக்கு எதுவும் தென்படாது.

ஆகவே காவலர் படிப்பதோடு நில்லாது, கடந்து செல்லும் பொதிகளின் எண்களைத் தாமே மாற்றியெழுதத் தொடங்கினர். எனினும் ஒரு பொதிக்கும் அடுத்ததற்கும் இடையே கழியும் காலம் எஞ்சியது. சற்றே விரைந்து அனுப்பினால் ஒன்று, தாழ்த்து அனுப்பினால் பூச்சியம்.