பங்குப் பாடகர் குழாமுக்கான நத்தார் இசையமைப்பு

இசையைத் தொழிலாகக் கொள்ளாத, பெரும்பாலும் சுரக்குறிப்பு வாசித்துப் பழகாத பாடகர்களுக்காகக் கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் புதிதாக ஆக்குவதும், பழைய பாடல்களைக் குரல் பிரித்து அமைப்பதும் இக்கலையில் அடங்கும். இலங்கையின் வடமேல் கரையில் இதற்கு ஆழமான வேர் உண்டு. வில்பத்துக் காட்டை ஒட்டிய எலுவன்குளம் தொடங்கி, புத்தளம், கற்பிட்டி, சிலாபம் எனத் தெற்கே நீளும் பகுதி சிலாபம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மறைமாவட்டம் 1939இல் நிறுவப்பட்டது. இக்கரையின் பக்திப் பாடல் மரபோ அதைவிட இரு நூற்றாண்டு மூத்தது.

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்டிருந்த காலம் அது. 1705இல் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் ஏராளமாக எழுதினார். குருவானவரைக் காண்பதே அரிதாயிருந்த ஊர்களில் மக்கள் தாமாகவே கூடி வாசிக்கவும் பாடவும் அவருடைய ஆக்கங்கள் உதவின. அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்துக்குரியது, நத்தாருக்கு உரியதன்று. ஆயினும் பயிற்சி பெறாதவர் நாவில் நிலைக்கும்படி எழுதுவது எப்படி என்று இக்கரைக்குக் கற்றுத்தந்த முதல் ஆசான் அவர்தான்.

கடலுக்கு அப்பால் தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சீர்திருத்தச் சபையினருக்குக் கீர்த்தனைகள் இயற்றினார். பல்லவியைச் சபை முழுவதும் பாட, சரணத்தைக் குரல்வளம் உள்ள ஒருவர் எடுத்துச் செல்லலாம். கடினமான பகுதி ஒருவரிடமும் எளிய பகுதி எல்லோரிடமும் சேரும் இந்த அமைப்பை விஞ்ச, எளிய குழாமுக்கு வேறொன்று இல்லை.

1963 டிசம்பர் 4ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவிட்டது. அந்தந்த நாட்டு இசை மரபுக்கும் உரிய இடம் கேட்டது. லத்தீன் பாடல்கள் ஒலித்த நள்ளிரவுத் திருப்பலிக்குத் தமிழ்ப் பாடல்கள் ஏராளமாகத் தேவைப்பட்டன. அந்தத் தேவை இன்றும் தீரவில்லை. பாடசாலை ஒளிவிழாவும் வீடு வீடாகச் செல்லும் கரோலும் ஆண்டுதோறும் புதுப் பாட்டுக் கேட்கின்றன.

இசையமைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது குரலின் எல்லை. பயிற்சி இல்லாத கூட்டம் களைப்பின்றிப் பாடுவது ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதற்கு மேல் ஒன்றிரண்டு சுரம். உலகெங்கும் பாடப்படும் ‘ஸ்டில்லே நாஹ்ட்’ கூட இந்த எல்லையைத் தாண்டுகிறது. அதன் மெட்டு பஞ்சமத்தில் தொடங்கி, கீழே ஆதார ஷட்ஜம் வரை இறங்கி, மேலே மேல் ஸ்தாயி மத்திமம் வரை ஏறுகிறது. அந்த உச்சியில்தான் பல குழாங்களின் குரல் கீச்சிடும். ஆனால் 1818 நத்தார் இரவில் ஓபர்ன்டோர்ஃப் கோவிலில் யோசப் மோரும் ஃபிரான்ஸ் குரூபரும் அதைப் பாடிய விதம் நல்ல பாடம். இருவர் பாட, ஒரு கிட்டார் துணை நிற்க, ஒவ்வொரு சரணத்தின் இறுதி அடிகளை மட்டும் பாடகர் குழாம் திரும்பப் பாடியது. கையில் இருந்த ஆட்களுக்கு ஏற்றபடி எழுதப்பட்ட பாட்டு அது.

சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல் எழுதும் ஆசை பலருக்கு உண்டு. ஆண் குரல் இரண்டோ மூன்றோ மட்டுமே உள்ள குழாமில் அது நிற்காது. பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்று என மூன்று குரல் போதும். குரல் உடையும் வயதுப் பையன்களை ஒதுக்கிவிடக் கூடாது. நான்கைந்து சுரத்துக்குள் நிற்கும் தனி வரி ஒன்றை அவர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சங்கராபரணத்தில் அமைந்த மெட்டுக்கு மேற்கத்திய ஒத்திசை இயல்பாகப் பொருந்தும். மோகனத்தில் அரைச்சுர உரசல் இல்லாததால், ஒரு குழு தொடங்கிய வரியை மற்றக் குழு சற்றுப் பிந்தித் தொடரும் முறை எளிதில் கைகூடும். மாயாமாளவகௌளையில் அடுக்குச் சுரங்களைத் திணித்தால் ராகம் சிதையும்; அங்கே நிலைத்த சுருதியே தக்க துணை.

சொல்லின் அளவு அடுத்தது. குறில் நீண்ட சுரத்தில் விழுந்தால் பொருள் மாறிவிடும்: ‘பலன்’ என்பது ‘பாலன்’ ஆகிவிடும். பிறமொழி மெட்டுக்குத் தமிழ் எழுதும்போது இந்தப் பிழை மிகுதி. ஒரே மெட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் பாடும் பங்குகளில் இரட்டைக் கவனம் தேவை. இரு மொழிகளிலும் குறில் நெடில் வேறுபாடு இருப்பதால், நீண்ட சுரங்கள் விழும் இடங்களை முதலில் குறித்துக்கொண்டு இரண்டு பாடல் வரிகளையும் அதற்கேற்ப எழுதுவது சிறந்த வழி. அசைக்கு ஒரு சுரம் என்று வைத்துக்கொண்டால் ஒத்திகை பாதியாகக் குறையும்.

ஒத்திகை நடக்கும் காலமும் மழைக்காலம்தான். வடகீழ்ப் பருவ மழையில் கலா ஓயா பெருக்கெடுத்தால் எலுவன்குளத்துப் பாதை நீரில் மூழ்கிவிடும். எல்லோரும் வராவிட்டாலும் பாடக்கூடியதாக, ஒவ்வொரு குரலும் தனித்து நின்றாலும் பாட்டாக ஒலிக்கும்படி எழுதுவது இங்கே கட்டாயம்.

இப்படிப் பிறக்கும் பாடல்களில் பல, கொப்பிகளிலும் போட்டோப் பிரதிகளிலும் வரிகளாக மட்டுமே தங்குகின்றன. பாடியவர் ஊர் மாறினால் மெட்டும் போய்விடுகிறது. பாடல் ஆக்குவோர் வரிகளுக்கு மேலே சுரம், சுருதி, தாளம், ஆண்டு, தம் பெயர் ஆகியவற்றை எழுதி, ஒரு பிரதியைப் பங்குப் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும்.