ஆளுக்கொரு கோழி: கார்னிஷ் கேம் ஹென் வந்த கதை

டிசம்பர் வந்தாலே அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஆட்கள் ஒரு போட்டோ அனுப்புவாங்க. தட்டில் முழுசா ஒரு குட்டிக் கோழி, தோல் பொன்னிறமா, மேலே ரோஸ்மேரி. கூடவே கேள்வி: "டாக்டர், இது ஹார்மோன் ஊசி போட்டதா?"

பதில் சொல்ல 200 வருசம் பின்னால போகணும். கொஞ்சம் பொறுமையா வாங்க.

பேர் கார்னிஷ் கேம் ஹென். கேம் என்றால் வேட்டைப் பறவை. இதுவோ பண்ணையில் வளர்ந்தது. ஹென் என்றால் பெட்டை, சேவலாகவும் இருக்கலாம். அமெரிக்க விவசாயத் துறை கணக்குப்படி 5 வார வயதுக்குள், 2 பவுண்டுக்கு (சுமார் 900 கிராம்) மிகாத இளங்கோழி. அவ்வளவுதான்.

சரி, கார்னிஷ்? இங்கிலாந்தின் கார்ன்வால். ஆனா அங்கே அந்த இனத்துக்குப் பேரே 'இந்தியன் கேம்'! 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த வால்டர் ராலே கில்பர்ட் நம்ம ஊர் அசில் சண்டைச் சேவலைக் கொண்டுபோய் அங்குள்ள சேவல்களோடு கலந்தார் என்பார்கள். சண்டைக்கு அது தேறவில்லை. உடம்பு கனம், வேகம் குறைவு. ஆனால் நெஞ்சுக்கறி அகலமோ அகலம்.

அந்த நெஞ்சுதான் எல்லாத்தையும் மாத்துச்சு.

1949-ல் கனெக்டிகட்டில் ஜாக், அல்ஃபோன்சின் மகோவ்ஸ்கி தம்பதியின் பண்ணை தீயில் அழிந்தது. அதுவரை வளர்த்தது கினிக்கோழி. மறுபடி தொடங்கும்போது கார்னிஷ் சேவலை பிளிமத் ராக் பெட்டையோடு கலந்து, ஒரு ஆள் சாப்பிடும் அளவுக்குக் குட்டிக் கோழி கொண்டுவந்தார்கள். பியானோ வாசித்தே சிரிக்க வைத்த விக்டர் போர்காவும் இதை வளர்த்து விற்றார். வான்கோழி வாங்குமளவு ஆளில்லாத வீட்டுக்கும் பண்டிகை விருந்து கிடைத்தது.

இன்னொரு பக்கம், 1948-ல் 'நாளைய கோழி' என்று ஒரு தேசியப் போட்டி. ஜெயித்தது கார்னிஷ் – நியூ ஹாம்ப்ஷயர் கலப்பு. இன்றைய பிராய்லரும் கார்னிஷ், பிளிமத் ராக் வழி வந்ததுதான். அது வேகமா வளர்வது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த மரபணுவால்; நல்ல தீவனமும் சேர்ந்து. ஊசியால் அல்ல.

ஆனா அந்தப் பயம் வெறும் கட்டுக்கதையும் இல்லைங்க. 1940-களில் அமெரிக்காவில் டி.இ.எஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை கோழிக் கழுத்தில் உண்மையிலேயே வைத்தார்கள். 1959-ல் கோழிக்குத் தடை. மருந்து போய் அறுபது வருசத்துக்கு மேல் ஆச்சு, பயம் மட்டும் போகலை. என்னைக் கேட்டால் இன்று கேட்க வேண்டியது ஆன்டிபயாடிக் பற்றி. கோலிஸ்டின், எங்கள் ஐ.சி.யு-வில் கடைசி ஆயுதம், அதை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2019-ல்தான் தடை செய்தது.

இப்போ சமையல். உறைந்த கோழியை ஃப்ரிட்ஜிலேயே இளக விடுங்க. குழாயடியில் கழுவாதீங்க, சால்மொனெல்லா சிங்க் முழுக்கத் தெறிக்கும். நம்ம அம்மாக்கள் இதை ஒத்துக்க மாட்டாங்க, தெரியும். ஈரத்தை ஒற்றி எடுங்க. வெண்ணெயில் பூண்டு, தைம், ரோஸ்மேரி, உப்பு பிசைந்து, நெஞ்சுத் தோலுக்கும் கறிக்கும் நடுவே விரலை விட்டுத் தடவுங்க. மேலே மட்டும் பூசினால் வழிந்து தட்டில்தான் நிற்கும். 200 டிகிரி அவனில் ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்பின்.

நிறத்தை நம்பாதீங்க. இளம் எலும்பிலிருந்து மஜ்ஜையின் நிறமி கசியும். நன்றாக வெந்த தொடையும் எலும்போரம் சிவப்பாகத் தெரியலாம். வெளியே பொன்னிறமான கோழி உள்ளே வேகாமலும் இருக்கலாம். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், தெர்மாமீட்டரைக் குத்துங்க. 74 டிகிரி செல்சியஸ். உள்ளே ஸ்டஃபிங் வைத்திருந்தால் அதன் நடுவிலும் அதே 74.

வெளியே எடுத்து பத்து நிமிசம் விட்டு வெட்டுங்க. போட்டோ அனுப்பும்போது தெர்மாமீட்டரையும் சேர்த்து எடுத்து அனுப்புங்க.