ஒரே ஓட்டம், 156 வளைவுகள்: மலையேற்ற கார் பந்தயத்துக்கு டயரை எப்படி தேர்வு செய்கிறார்கள்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறது பைக்ஸ் பீக் மலை. 1916-ல் முதல்முறையாக அங்கே மலையேற்ற கார் பந்தயம் நடந்தது. இப்போது ஜூன் மாதக் கடைசியில் நடக்கிறது. தூரம் சுமார் 20 கி.மீ. வளைவுகள் 156. கடல் மட்டத்திலிருந்து 2,862 மீட்டர் உயரத்தில் கிளம்பும் கார், 4,302 மீட்டர் உயரத்தில் பந்தயத்தை முடிக்க வேண்டும்.

கார்கள் ஒன்றையொன்று துரத்தாது. ஒவ்வொன்றாகக் கிளம்பும், கடிகாரத்தோடு மட்டும்தான் போட்டி. போட்டி நாளில் ஒரே ஒரு ஓட்டம். நடுவில் டயர் மாற்ற பிட் ஸ்டாப் கிடையாது. பல இடங்களில் சாலையோரம் தடுப்பும் கிடையாது, பள்ளம்தான். கீழே எந்த டயரை மாட்டினாங்களோ, அதோடதான் உச்சி வரைக்கும் போகணும்.

சர்க்யூட் பந்தயத்திலிருந்து என்ன வித்தியாசம்?

ஃபார்முலா 1 போன்ற சர்க்யூட் பந்தயங்களில் டயரைச் சூடாக்க ஒரு சுற்று கிடைக்கும். பிறகு பல சுற்றுகள் தாங்கும்படி டயரைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவார்கள். மலையேற்றத்தில் இது தலைகீழ். டயர் நீண்ட நேரம் உழைக்க வேண்டாம், ஆனா முதல் வளைவிலேயே பிடிக்கணும்.

பைக்ஸ் பீக்கில் முன்னணி கார்களுக்கே எட்டு, ஒன்பது நிமிடம் ஆகும். 1905 முதல் பந்தயம் நடக்கும் இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷில் மொத்தத் தூரமே 1,000 கஜம்தான். வேகமான கார்கள் அரை நிமிடத்துக்குள் முடித்துவிடும். டயர் மெதுவாகச் சூடாகட்டும்னு காத்திருந்தா பந்தயமே முடிஞ்சிடும்.

அதனால் மலையேற்றத்தில் பெரும்பாலும் மென்மையான ரப்பர் கலவைக்குத்தான் முதலிடம். சாஃப்ட் டயர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் தேயும். தேய்வதைப் பற்றி இங்கே பெரிய கவலை இல்லை. ஆனால் கார் கனமாக இருந்து, வெயிலும் கடுமையாக இருந்தால், மிக மென்மையான டயர் பாதி மலையிலேயே அளவுக்கு மீறிச் சூடாகி வழுக்க ஆரம்பிக்கும். அப்போது மீடியம்தான் சரி.

மண்சாலை தார்ச்சாலை ஆனது

ஒரு காலத்தில் பைக்ஸ் பீக் மண்சாலை. 1988-ல் ஆரி வாட்டனென் பெஜோ 405 காரில் மண்ணை வாரி இறைத்தபடி 10 நிமிடம் 47 விநாடியில் ஏறியது அன்றைய சாதனை. 2012 பந்தயத்தின்போது பாதை முழுக்க தார் போடப்பட்டிருந்தது. மண்ணைக் கடிக்கும் கட்டை டயருக்கு வேலை போனது. கோடே இல்லாத ஸ்லிக் டயர் வந்தது.

அடுத்த ஆண்டே செபாஸ்டியன் லோப் 8 நிமிடம் 13 விநாடி. 2018-ல் ரோமெய்ன் டுமாஸ், ஃபோக்ஸ்வாகன் மின்சாரக் காரில் 7 நிமிடம் 57 விநாடி. இரண்டு கார்களிலும் மிஷெலின் டயர்கள். இந்த வேகத்துக்குக் காரணம் டயர் மட்டும் இல்லை. ஆனால் தார் இல்லாமல் ஸ்லிக் இல்லை, ஸ்லிக் இல்லாமல் அந்த நேரமும் இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்லிக் வேறு, தேய்ந்து வழுக்கையான டயர் வேறு. ஸ்லிக்கில் தரையோடு ஒட்டும் புது ரப்பர் இருக்கிறது. தேய்ந்த டயரில் அது போய்விட்டது. 'ரேஸ் கார்லயே கோடு இல்லையே'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கீழே வெயில், மேலே பனி

டயர் தேர்வில் தலைவலி இதுதான். அடிவாரம் காய்ந்து கிடக்கும்போது உச்சியில் மழையோ ஆலங்கட்டியோ பனியோ இருக்கலாம். 2021-ல் உச்சிப் பகுதியின் நிலை மோசமாக இருந்ததால் பாதையையே சுருக்கி நடத்தினார்கள். 2022-ல் மூடுபனியும் ஈரமும். அந்த ஆண்டு வென்ற ராபின் ஷூட்டுக்கு 10 நிமிடம் 9 விநாடி ஆனது. அடுத்த ஆண்டு அவரே 8 நிமிடம் 40 விநாடியில் ஏறினார். ஒரே மலை, ஒரே ஓட்டுநர், வித்தியாசம் ஒன்றரை நிமிடம்.

காய்ந்த சாலையில் மழை டயர் போட்டால் ரப்பர் கட்டைகள் நெளிந்து சூடேறி நேரம் வீணாகும். நனைந்த சாலையில் ஸ்லிக் போட்டால் தண்ணீர் வெளியேற வழியே இல்லை, கார் மிதக்கும். பாதிப் பாதை அப்படி, பாதிப் பாதை இப்படி என்றால்? நடுத்தரமான இன்டர்மீடியட் டயர் போடலாம். சூடான கருவியால் ஸ்லிக்கில் கையாலேயே கோடு வெட்டுவதும் உண்டு. என்னைக் கேட்டால், பாதையின் மோசமான பகுதியை நினைத்துத் தேர்வு செய்வதுதான் புத்திசாலித்தனம். கீழே சில விநாடிகளை இழக்கலாம். மேலே பிடி விட்டால் இழப்பது விநாடிகளை அல்ல.

காற்று அடைக்காமலேயே ஏறும் பிரஷர்

மலை ஏறும் பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். டயருக்கும் அதேதான். டயர் கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். பைக்ஸ் பீக்கின் தொடக்கத்துக்கும் உச்சிக்கும் இடையே இந்த ஒரு காரணத்தாலேயே கேஜில் 1.7 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறும்.

இதோடு வெப்பக் கணக்கும் சேரும். டயருக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ கூடும், குளிர்ந்தால் குறையும். ஓட ஆரம்பித்த பிறகு எந்த அழுத்தம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, குறைவான அழுத்தத்தில் கிளப்புகிறார்கள். ஈரமில்லாத காற்றோ நைட்ரஜனோ அடைத்தால் இந்தக் கணக்கு நம்பகமாக இருக்கும். ஏனெனில் ஈரப்பதம் சூட்டில் அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உச்சியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. காரின் இறக்கை தரும் கீழ்நோக்கிய அழுத்தமும் அதே அளவு குறையும். டயர் மீது பாரம் குறைந்தால் பிடியும் குறையும், சூடும் குறையும். மேலே குளிர் வேற.

புது டயரை அப்படியே மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் புது டயரின் மேல்தோலில் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். பயிற்சியில் கொஞ்ச தூரம் மிதமாக ஓட்டி அதைத் தேய்த்து எடுப்பார்கள். சில டயர்களை ஒருமுறை சூடாக்கி, ஒரு நாள் முழுக்க ஆறவிட்ட பிறகே போட்டிக்கு எடுப்பார்கள். இதனால் ரப்பர் நிலையாக நடந்துகொள்ளும். ஆனால் திரும்பத் திரும்பச் சூடாகி ஆறினால் அது கெட்டிப்பட்டுவிடும். பார்க்க புதுசு மாதிரி இருக்கும், பிடி இருக்காது.

செகண்ட் ஹேண்டில் பந்தய டயர் வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ரப்பரின் கடினத்தை அளக்கத் தனிக் கருவியும் கிடைக்கிறது.

பயிற்சி ஓட்டம் முடிந்ததும் டயரின் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடத்தில் வெப்பம் அளப்பார்கள். நடுப்பகுதி மட்டும் சூடு அதிகம் என்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் அதிகச் சூடு என்றால் காற்று குறைவு. உள்பக்கம் மட்டும் மிக அதிகம் என்றால் சக்கரத்தின் சாய்வைக் குறைக்க வேண்டும்.

கிளம்பும் முன் மின்சாரப் போர்வை சுற்றி டயரைச் சூடாக்குவதுண்டு. எல்லாப் போட்டியிலும் இதற்கு அனுமதி இல்லை. விதிமுறையைப் படிக்காமல் போர்வை வாங்கிட்டுப் போய் நிற்காதீங்க. அனுமதி இருந்தாலும் கடைசி நிமிடம் வரை போர்வையைக் கழற்ற மாட்டார்கள். முன்னால் போன கார் எங்காவது நின்றுபோய் பந்தயம் தாமதமானால், அத்தனை சூடும் ஆறிவிடும்.