இன்டர்போர்ட்டல் உடன்படிக்கை (1865)

பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களுக்கும் இடையே 1865இல் ஏற்பட்ட வணிக உடன்படிக்கை. பெரிய அண்டை நாட்டின் தீர்வைக் கொள்கைக்குள் சிறிய வணிக நாடு எப்படிச் சிக்குகிறது என்பதைத் தென்தமிழகத்தில் காட்டும் சான்று இது. தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷாரின் திருநெல்வேலி மாவட்டம். சில கல் தொலைவிலிருந்த செங்கோட்டை திருவிதாங்கூர்.

அதுவரை திருவிதாங்கூர்க் கஜானா மிளகு, புகையிலை ஏகபோகங்களையும் சௌக்கைகளில் (சுங்கச்சாவடிகளில்) தண்டிய சுங்கத்தையும் நம்பியிருந்தது. திவான் டி. மாதவ ராவ் (1858–1872) ஏகபோகங்களை ஒழித்தார். பின் வந்த உடன்படிக்கைப்படி, பிரிட்டிஷ் இந்தியத் துறைமுகத்தில் தீர்வை கட்டிய சரக்கு மறு தீர்வையின்றி எல்லை கடக்கலாம். புகையிலை, உப்பு, அபின் மட்டும் விலக்கு. ஈடாகத் திருவிதாங்கூர் தன் துறைமுகங்களிலும் பிரிட்டிஷ் இந்தியத் தீர்வை விகிதத்தையே ஏற்றது. இழப்பீடாக ஆண்டுக்கு 40,000 ரூபாய் பெற்றது.

தீர்வை தாழ்ந்திருந்தவரை இது நல்ல பேரம்தான். 1882இல் இந்திய அரசு பெரும்பாலான இறக்குமதித் தீர்வைகளையே நீக்கியது. 1904இல் கொல்லம் ரயில் பாதை தென்காசி, செங்கோட்டை வழியாகத் திறந்தபின் தூத்துக்குடிச் சரக்கு நேரே மலை தாண்டியது.

1923க்குப் பின் காற்று திசைமாறியது. தேர்ந்த தொழில்களுக்குப் பாதுகாப்பு என்பதை இந்திய அரசு கொள்கையாக ஏற்றது; 1924இல் எஃகுக்கும் 1930இல் பருத்தித் துணிக்கும் பாதுகாப்புத் தீர்வை வந்தது. 1933இல் பிரிட்டன் அல்லாத நாடுகளின் துணிமீது அது 75 விழுக்காட்டைத் தொட்டது. பம்பாய், அகமதாபாத் ஆலைகள் இதனால் பிழைத்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் செங்கோட்டைக் கடையில் துணி வாங்கியவரும் அதே தீர்வையைச் சுமந்தார். தூத்துக்குடியில் தண்டிய பணம் டெல்லிக்குப் போயிற்று; அந்த விகிதத்தை விதித்த மத்தியச் சட்டசபையில் திருவிதாங்கூருக்கு ஓர் இடம்கூட இல்லை. தீர்வை உயர்ந்ததைவிட, அதை நிர்ணயிப்பதில் குரலற்றுப் போனதே பெரிய அநீதி.

சமஸ்தானங்களுக்குச் சுங்க வருவாயில் பங்கு கேட்கும் நியாயம் உண்டு என்று, சமஸ்தானங்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த பட்லர் குழு 1929இல் ஒப்புக்கொண்டது. திருவிதாங்கூருக்கு உருப்படியாகக் கிடைத்தது, 1925 ஒப்பந்தம் வகுத்த, கொச்சித் துறைமுகச் சுங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதற்கு அண்மைய ஒப்புமை ஒன்று உண்டு: 2025இல் இலங்கைக்கு அமெரிக்கா 44 விழுக்காடு தீர்வை அறிவித்து, பேச்சுக்குப்பின் 20ஆகக் குறைத்தது. இறையாண்மையுள்ள இலங்கையால் பேச்சுக்காவது உட்கார முடிந்தது. ஆடை ஏற்றுமதியை நம்பிய நாடு என்பதால் மறுத்து எழ முடியவில்லை.

செங்கோட்டை எல்லைக்குத் திரும்பினால், விடுதலைக்குப் பின் இந்திய அரசமைப்பின் 301ஆம் பிரிவு உள்நாட்டு வணிகத்தைச் சுதந்திரமாக்கியது. 1956 நவம்பர் 1இல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர, எல்லை மேற்கே புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே நகர்ந்தது. ஆயினும் அந்தப் பாதையில் விற்பனை வரிச் சோதனை 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வரும்வரை நீடித்தது.