ஆவடியும் ஒரு விகுதியும்

ஆவடி என்றதும் டாங்கித் தொழிற்சாலை நினைவுக்கு வரும். அரசியல் வரலாற்றிலோ இவ்வூரின் பெயர் ஓர் ஆங்கிலப் பெயரடையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது: 'சோஷலிஸ்டிக்'.

1955 ஜனவரியில் காங்கிரஸின் அறுபதாவது மாநாடு ஆவடியில் கூடியது. தேபர் தலைவர். முதலமைச்சராகி ஓராண்டுகூட நிறையாத காமராஜர், மாநாட்டை வரவேற்ற மாநிலத்தின் முகமாக நின்றார். மாநாடு நடந்த இடத்துக்கு அவருடைய அரசியல் ஆசானின் நினைவாகச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். முக்கிய உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ அமைந்து, செல்வம் நியாயமாகப் பங்கிடப்படும் 'சோஷலிஸ்டிக்' மாதிரிச் சமுதாயமே திட்டமிடலின் இலக்கு என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. 'உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ' என்பதிலுள்ள ஓகாரத்தைக் கவனியுங்கள். முதலாளிகள் மூச்சுவிட அதில் இடம் இருந்தது.

சொல் ஆவடியில் பிறந்ததல்ல. ஒரு மாதம் முன்பே, 1954 டிசம்பரில், மக்களவை அதே தொடரை ஏற்றிருந்தது. பிறந்தது டெல்லியில், பேர் வாங்கியது ஆவடி.

வேர் லத்தீன் 'சோஷியஸ்': தோழன், கூட்டாளி. 'சோஷலிஸ்ட்' என்ற சொல் 1820களில் இங்கிலாந்தில் ராபர்ட் ஓவனைப் பின்பற்றிய கூட்டுறவாளர்களிடையே புழக்கத்துக்கு வந்தது. பெயராகவும் பெயரடையாகவும் அது ஒன்றே நின்று பயன்படும்போது, 'இக்' என்ற வால் எதற்கு? 'ஆர்ட்டிஸ்டிக்' என்பதில் அந்த விகுதி எதையும் குறைப்பதில்லை. ஆனால் 'சோஷலிஸ்ட்' என்ற முழுச்சொல் பக்கத்திலேயே இருக்க, அதை விடுத்து நீட்டிச் சொன்னால் 'அதன் சாயல் கொண்ட' என்ற தொனி தானே வந்துவிடுகிறது. நிலவுடைமையாளரும் தொழிலதிபரும் இடதுசாரிகளும் ஒரே பந்தலில் அமர்ந்திருந்த கட்சிக்கு அந்தச் சாயல் தேவைப்பட்டது என்றே நான் கருதுகிறேன். நேரு பிற்பாடு, இந்தச் சொற்களுக்குள் வேறுபாடே இல்லை என்று சாதித்தார். விளக்கவேண்டி வந்ததே வேறுபாடு உணரப்பட்டதற்குச் சான்று.

தமிழில் இந்தச் சௌகரியம் இல்லை. பெரியார் 1931இல் 'குடி அரசு' இதழில் மார்க்ஸ்–எங்கெல்ஸ் அறிக்கையைச் 'சமதர்ம அறிக்கை' என்று வெளியிட்டார். சிங்காரவேலரும் பேசி எழுதிப் பழக்கிய அச்சொல் முழுச்சொல். அதற்கு வால் முளைக்கவில்லை. 'சமதர்ம பாணி', 'சோஷலிச மாதிரி' என்று இன்னொரு சொல்லைப் பக்கத்தில் நிறுத்தினால்தான் ஆவடியின் தயக்கம் தமிழில் தெரியும்.

வால் விரைவில் உதிர்ந்தது. 1956 ஏப்ரலின் தொழிற்கொள்கைத் தீர்மானம் 'சோஷலிஸ்ட்' என்றே எழுதியது. இம்பீரியல் வங்கி 1955இல் ஸ்டேட் வங்கியாயிற்று. மறு ஆண்டு ஆயுள் காப்பீடு அரசுடைமையாயிற்று. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அரசின் தொழிற்சாலையாகவே எழுந்தது. (2021இல் அது அரசுக்குச் சொந்தமான நிறுவனம் ஒன்றின் கீழ்ப் போயிற்று.) 1964இல் புவனேசுவரத்தில் காமராஜர் தலைமையில் கூடிய காங்கிரஸ் 'ஜனநாயக சோஷலிசம்' என்றது. 1976இல் நெருக்கடி நிலையின்போது, 42ஆவது திருத்தம் 'சோஷலிஸ்ட்' என்ற சொல்லை அரசியலமைப்பின் முகப்புரையில் ஏற்றியது.

அதை நீக்கக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தது. இந்தியாவில் அச்சொல் நலவாழ்வு அரசையும் வாய்ப்புச் சமத்துவத்தையும் குறிக்கிறது, தனியார் தொழிலைத் தடுப்பதில்லை என்றது தீர்ப்பு. ஆவடியில் 'இக்' சேர்த்தவர்கள் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்கள்.