குரலைக் காத்த கதிர்

ஆசிரியர்களாகிய நமக்குக் குரலே முதல். எனவே, குரல்வளைப் புற்றுநோயின் வரலாற்றைப் படிக்கையில் என் மனத்தில் ஒரே கேள்விதான் நின்றது: உயிரைக் காக்கக் குரலை இழந்துதான் ஆக வேண்டுமா?

1854-இல் மானுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர் சிறு கண்ணாடிகளின் துணையால் தம் குரல்வளையைத் தாமே கண்டார். நோயைக் காண வழி பிறந்தது. தீர்க்கும் வழி பிறக்கவில்லை. 1873-இல் வியன்னாவில் பில்ரோத் குரல்வளையை முழுமையாக அகற்றினார். 1887-இல் ஜெர்மானிய இளவரசர் பிரெடரிக்கின் தொண்டையில் கட்டி தோன்றியபோது, அது புற்றா, அறுப்பதா என மருத்துவர்கள் வாதிட்டனர். 1888-இல் பேச்சிழந்தவராகவே அரியணை ஏறிய அவர், 99 நாள்களில் மறைந்தார்.

1895-இல் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். ஒரேயடியாகப் பாய்ச்சிய கதிர் நல்ல திசுவையும் கருக்கியது. பாரிஸில் ஆன்றி கூத்தார் அதனைப் பல நாள்களுக்குப் பகுத்துச் சிறுகச் சிறுகச் செலுத்தினார். இடைவெளியில் நல்ல திசு தேறிக்கொள்ளும். புற்று அவ்வளவாகத் தேறாது. குரல்வளையை அகற்றாமலே குணமடைந்தோரைப் பற்றி 1922-இல் பாரிஸ் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது.

இன்றைய சிகிச்சையும் அவ்வழியே செல்கிறது. குரல்நாணோடு நிற்கும் தொடக்கநிலைப் புற்றைச் சில வாரக் கதிர்ச் சிகிச்சையால் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு அடக்கிவிடலாம். லேசர் அறுவையும் உண்டு.

ஆனால், அனைத்தும் 'தொடக்கநிலை' என்னும் சொல்லில் அடங்கியுள்ளன. குரல் கம்முவதே முதல் அறிகுறி. நாமோ, "வகுப்பில் கத்தித் தொண்டை கட்டிவிட்டது" என்று நாளைக் கடத்துகிறோம். ஆசிரியர்களே, பெற்றோர்களே, மூன்று வாரத்திற்கு மேல் குரல் தெளியாவிடில் மருத்துவரைக் காணுங்கள். புகைப்பழக்கம் உடையோர் இன்னும் விரைந்து செல்லுங்கள்.