நூற்றுக்கு ஐந்து

ஒரு தொழிற்சாலை ஆண்டு முடிவில் தன் லாப நட்டக் கணக்கை வெளியிடுவது நாம் அறிந்ததே. இப்போது அதனிடம் வேறொரு கணக்கும் கேட்கப்படுகிறது. எவ்வளவு நீர் எடுத்தாய்? எவ்வளவு கழிவை வெளியே விட்டாய்? உன் புகைபோக்கி வழியே எத்தனை டன் கரியமில வாயு போயிற்று? நம் நாட்டில் செபி 2021இல் வகுத்த விதிப்படி, பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களுள் மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல் இக்கணக்கைக் கட்டாயமாகத் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் இதைவிட விரிவான அறிக்கை விதியை 2022இல் இயற்றியது.

இந்தப் படிவத்தை நிரப்புவது எப்படி என்று கேட்போர் பலர். அதில் எழுத வேண்டிய எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்போர் சிலரே. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இரண்டாவது கேள்விதான் முதன்மையாகப் படுகிறது. அந்தக் கேள்வியின் வரலாறு 160 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் தொடங்குகிறது.

சோப்பு, கண்ணாடி, துணி வெளுத்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் சோடா உப்பு வேண்டும். கடலுப்பிலிருந்து அதைச் செய்யும் வழியை நிக்கோலா லெபிளாங்க் என்ற பிரெஞ்சுக்காரர் 1791இல் பதிவு செய்தார். உப்பைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்குவது முதற்படி. அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு எவ்வளவு தெரியுமா? பள்ளியில் படித்த அணு எடைகளைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். 117 பங்கு உப்புக்கு 73 பங்கு வாயு. அதாவது 100 கிலோ உப்பைப் போட்டால் 62 கிலோவுக்கும் மேல் வாயு வெளிவரும். இதை அப்படியே காற்றில் விட்டார்கள்! ஈரக் காற்றில் அது அமிலப் பனியாக மாறி வயல்களில் இறங்கியது. பயிர் கருகிற்று, வேலிச் செடிகள் பட்டுப்போயின, கதவுப் பூட்டுகள் துருப்பிடித்தன.

உழவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். முதலாளிகள் புகைபோக்கியை உயர்த்தினார்கள். கிளாஸ்கோ நகரில் 1842இல் கட்டிய ஒன்று 435 அடி உயரம். அதனால் அமிலம் குறையவில்லை, சற்றுத் தொலைவில் போய் விழுந்தது, அவ்வளவே. செயின்ட் ஹெலன்ஸ் போன்ற ஊரிலோ பல ஆலைகள் பக்கம் பக்கமாக நின்றன. என் பயிரைக் கருக்கியது எந்தப் புகைபோக்கி என்று நீதிமன்றத்தில் எந்த உழவரால் மெய்ப்பிக்க முடியும்? ஒவ்வோர் ஆலைக்காரரும் பக்கத்து ஆலையைக் கைகாட்டினார்.

இத்தனைக்கும் பரிகாரம் ஏற்கெனவே கையில் இருந்தது. வில்லியம் காசேஜ் என்பவர் 1836இல், கைவிடப்பட்ட காற்றாலைக் கோபுரம் ஒன்றில் முட்செடிகளை அடைத்து, மேலிருந்து நீரை வழியவிட்டு, கீழிருந்து வாயுவைச் செலுத்தினார். வாயு நீரில் கரைந்து இறங்கியது. ஹைட்ரஜன் குளோரைடு நீரில் மிக எளிதாகக் கரையும் வாயு என்பதால் வேறு தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. கோபுரம் கட்டிய ஆலைகள் உண்டு. கட்டியும் ஒழுங்காக நடத்தாதவையும் உண்டு. கேட்பார் இல்லை.

கேட்கத் தொடங்கியவர் டார்பி பிரபு. அவருடைய நிலங்கள் செயின்ட் ஹெலன்ஸுக்கு அருகில் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் முயற்சியால் 1862இல் பிரபுக்கள் சபை ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 1863இல் ஆல்கலி சட்டம் நிறைவேறியது. உண்டாகும் ஹைட்ரஜன் குளோரைடில் 100க்கு 95 பங்கையாவது நீரில் பிடித்துவிட வேண்டும், 5 பங்குக்கு மேல் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். ஒவ்வோர் ஆலையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். மேற்பார்வைக்கு ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியல் அறிஞர் நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாளர்கள் நால்வர். நாடு முழுவதற்கும் அவ்வளவுதான்.

சட்டத்தில் 95 என்று எழுதுவது எளிது. ஆலையில் போய் நின்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். வெளியேறும் வாயுவை அளந்துவிடலாம். நீர் நிரப்பிய கலத்தைத் திறந்துவிட்டால், வடியும் நீரின் அளவுக்குச் சரியாகப் புகைக் குழாயிலிருந்து வாயு உள்ளே இழுபடும். அதிலுள்ள அமிலத்தைச் சோதித்து அறியலாம். ஆனால் 100க்கு இவ்வளவு என்றால் அந்த 100 எது? கோபுரத்துக்குள் நுழையும் முன் எவ்வளவு வாயு இருந்தது? உலையில் எவ்வளவு உப்புப் போடப்பட்டது? அதுவரை முதலாளிகளுக்கு உப்பு ஒரு செலவுக் கணக்கு மட்டுமே. இப்போது அதே உப்பை வாயுவாகவும் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஸ்மித் வழக்குப் போடுவதைவிடச் சொல்லிக் கொடுப்பதையே விரும்பினார். கோபுரம் எங்கே ஒழுகுகிறது, நீர் ஏன் சீராக வழியவில்லை என்று ஆலை ஆலையாகக் காட்டினார். முதலாளிகளோடு அளவுக்கு மீறி இணங்கிப் போகிறார் என்று அவர்மேல் குறை சொன்னவர்களும் உண்டு. எனினும் முதலாண்டு அறிக்கையிலேயே ஆலைகள் சராசரியாக 98 விழுக்காட்டுக்கு மேல் பிடிப்பதாகக் காட்ட முடிந்தது. பிடித்த அமிலத்திலிருந்து குளோரின் எடுத்து வெளுப்புத்தூள் செய்யும் முறைகள் அந்தப் பத்தாண்டிலேயே வளர்ந்தன. வீணாய்ப் போனது விலைபோகத் தொடங்கிற்று.

கதை இங்கே இனிதே முடிந்திருக்கலாம். முடியவில்லை. சோடா வாணிகம் பெருகிற்று. ஆலை இரண்டு மடங்கானால் 5 பங்கும் இரண்டு மடங்காகிறது. ஒவ்வோர் ஆலையும் சட்டப்படி நடக்க, ஊர்க் காற்றில் அமிலம் கூடலாம்! எனவே 1874இல் சட்டத்தைத் திருத்தி, புகைபோக்கியிலிருந்து போகும் ஒரு கன அடிக் காற்றில் 0.2 கிரெயினுக்கு மேல் அமிலம் இருக்கக் கூடாது என்றார்கள். கன மீட்டருக்குச் சுமார் 0.46 கிராம். இதிலும் ஓர் ஓட்டை உண்டு: கூடுதலாகக் காற்றைக் கலந்துவிட்டால் செறிவு குறையும், மொத்த அமிலம் குறையாது. விகிதம், செறிவு, மொத்தம் ஆகிய மூன்றும் வெவ்வேறு எண்கள். எந்த எண்ணைக் கேட்கிறோமோ அதுதான் குறையும். இன்னொன்றையும் கவனியுங்கள். நீரில் பிடித்த அமிலத்தை ஆற்றில் விட்ட ஆலைகள் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் வீசும் கந்தகக் கழிவு மலை மலையாய்க் குவிந்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் காற்றில் போகும் அந்த ஒரு வாயுவைப் பற்றி மட்டுமே கேட்டது.

கணக்கு அரசு அதிகாரியோடு நில்லாமல் ஊராருக்கும் போக வேண்டும் என்ற நிலை வரப் பின்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்கு விலை கொடுத்தது போபால். 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு கசிந்த மெதில் ஐசோசயனேட் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. சுவாசித்தது என்னவென்று அந்த மக்களுக்குத் தெரியாது. அதே நிறுவனத்தின் மேற்கு வர்ஜீனியா ஆலையில் 1985இல் ஒரு கசிவு ஏற்பட்டதும் அமெரிக்கா விழித்தது. 1986இல் வந்த சட்டம், 300க்கும் மேற்பட்ட நச்சுப் பொருள்களில் எதை எவ்வளவு வெளிவிட்டோம் என்று ஆலைகள் ஆண்டுதோறும் சொல்ல வேண்டும், அதை யாரும் பார்க்கலாம் என்றது. வெளிவிடும் அளவுக்கு அச்சட்டப் பிரிவு எந்த வரம்பும் விதிக்கவில்லை. சொன்னால் போதும்! முதல் அறிக்கைகள் 1988 ஜூலையில் தர வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய நாள் மான்சாண்டோ நிறுவனத்தின் தலைவர், காற்றில் விடும் நச்சை 1992க்குள் 90 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தார்.

ஆனால் அச்சட்டம் புதிதாக அளவீடு செய்யும்படி வற்புறுத்தவில்லை. நியாயமான மதிப்பீடு போதும் என்றது. மதிப்பீடு என்றதும் என் ஆய்வகம் நினைவுக்கு வருகிறது. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 980 வரவேண்டும் என்று மாணவனுக்குத் தெரியும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அலைவு நேரத்தை எழுதிக் கொண்டுவருவான். எண்கள் அழகாக இருக்கும். அந்த அழகுதான் காட்டிக் கொடுக்கும். மாணவனாக இருந்தபோது நானும் அப்படி ஒருமுறை எழுதியவன்தான் என்பதால் அதிகம் திட்டுவதில்லை, திரும்பச் செய்யச் சொல்கிறேன்.

எங்கே அளப்பது என்பதோடு எதுவரை அளப்பது என்ற கேள்வியும் உண்டு. 2001இல் உருவான பசுங்குடில் வாயுக் கணக்கு முறை மூன்று வட்டங்களை வரைந்தது. தன் உலையில் எரிப்பது முதல் வட்டம். வாங்கும் மின்சாரம் முதலியவற்றுக்காக வேறிடத்தில் எரிவது இரண்டாவது. வாங்கும் சரக்கிலும் விற்ற பொருளிலும் அடங்கியது மூன்றாவது. கடைசி வட்டம்தான் கடினம். அதை அறிய அயலாரின் கணக்கேடு வேண்டும்.

வாயுவுக்கு மட்டுமா இது? 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் மாண்டனர். அங்கே யாருக்காகத் தைத்தார்கள் என்பதை அறிய, இடிபாடுகளுக்கிடையே கிடந்த துணிகளின் முத்திரைச் சீட்டுகளைத் தேட வேண்டியிருந்தது. பிரான்சு 2017இல் பெரு நிறுவனங்களுக்கு விழிப்புக் கடமையைச் சட்டமாக்கியது. சரக்கு வரும் இடங்களையும் ஆராய்ந்து தீங்கைத் தடுக்கும் கடமையை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் விதித்தது. ஆனால் 2025 டிசம்பரில் எட்டிய உடன்பாடு அதன் வட்டத்தைப் பெரிதும் சுருக்கி, 5,000 பேருக்கு மேல் வேலை செய்யும் பெரு நிறுவனங்களோடு நிறுத்திக்கொண்டது. சிறிய ஆலைகளுக்குச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. எனினும் அவர்களிடம் வாங்கும் பெரிய நிறுவனத்துக்கு விடை வேண்டுமே! கேள்வித்தாள் இவர்களிடம்தான் வரும்.

ஆகவே ஆயத்தம் செய்ய விரும்பும் ஆலைக்காரர் படிவத்தைக் கையில் எடுக்கும் முன், தண்ணீர்க் குழாயில் அளவி இருக்கிறதா, டீசல் வாங்கிய சீட்டுகள் பத்திரமாக உள்ளனவா, சாயமோ நூலோ எந்த ஆலையிலிருந்து வருகிறது என்ற பட்டியல் உண்டா என்று பார்ப்பது நல்லது. படிக்கும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. செபி படிவத்தில் நிறுவனம் வெளிவிட்ட வாயுவின் மொத்தம் கேட்கப்படுகிறது. விற்பனையில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு என்பதும் கேட்கப்படுகிறது. நிறுவனம் வளரும் ஆண்டுகளில் இரண்டாவது எண் இறங்க, முதல் எண் ஏறலாம். மொத்தம் எழுதியிருக்கும் வரியை முதலில் பாருங்கள்.